மூளையின் மடையை அடைக்காதீர்கள்!

குடவாசல் பழைய ஊர். சங்க காலத்தில் அதற்குக் குடவாயில் என்று பெயர்.

சோழன் செங்கணானுக்கும் சேரமான் கணைக்கால் இரும்பொறைக்கும் போர் நடந்தது. சேரன் தோற்றான். அவனைப் பிடித்துக் குடவாயில் கோட்டத்துச் சிறையில் அடைத்தார்கள்.

சிறையில் சேரனுக்குத் தாகம் எடுத்தது. தண்ணீர் கேட்டான். காவலர்கள் உடனே கொடுக்கவில்லை. நேரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மானமுள்ள சேரன் அதைக் குடிக்கவில்லை. உயிரை விட்டான். புறநானூற்றில் 74-வது பாட்டின் கீழே உள்ள குறிப்பு இந்தக் கதையைச் சொல்லுகிறது.

நேரம் தவறி வந்த தண்ணீர் அவனுக்குப் பயன்படவில்லை!

நம் ஒவ்வொருவர் தலைக்குள்ளும் இதே கதை நடக்கக்கூடும். அங்கே தண்ணீருக்குப் பதில் ரத்தம். வேளைக்கு ரத்தம் வராவிட்டால் மூளை வாடும். நீண்ட நேரம் வராவிட்டால் மூளையின் ஒரு பகுதி செத்துப் போகும். பிறகு எவ்வளவு ரத்தம் வந்தாலும் செத்தது பிழைக்காது.

அந்த ரத்தத்தைக் குறைப்பதில் புகையிலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் நம் ஊர்களில் பலர் அதற்கு நேர்மாறாக நினைக்கிறார்கள். "ஒரு வாய் போயலை போட்டால்தான் மூளை ஓடும்" என்கிறார்கள். "பீடி பிடித்தால்தான் கணக்கு வரும்" என்கிறார்கள்.

இது உண்மையா? விஞ்ஞானம் என்ன சொல்லுகிறது? இதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்துகொள்ள வேண்டும்.

தலைக்குள் ஒரு காவிரி

ஒரு மனிதனின் மூளை சுமார் 1,400 கிராம் எடை இருக்கும். உடம்பின் எடையில் அது நூற்றில் 2 பங்குதான். ஆனால், உடம்பு செலவழிக்கும் பிராணவாயுவில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கை மூளையே எடுத்துக்கொள்ளுகிறது. நிமிடத்துக்கு முக்கால் லிட்டர் ரத்தம் அதற்கு வேண்டும். தூங்கும்போதும் வேண்டும்.

இவ்வளவு ரத்தம் எப்படிப் போகிறது?

தஞ்சைத் தரணியில் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறக்கிறார்கள். கல்லணைக்கு வருகிறது. அங்கிருந்து ஆறுகளாகப் பிரிகிறது. ஆறு வாய்க்காலாகிறது. வாய்க்கால் கன்னி வாய்க்கால் ஆகிறது. கடைசியில் வயலின் மடை.

மூளையிலும் அப்படித்தான். இதயம்தான் மேட்டூர் அணை. கழுத்தின் இரு பக்கமும் பெரிய ரத்தக் குழாய்கள் மேலே ஏறுகின்றன. தலைக்குள் அவை கிளை கிளையாகப் பிரிகின்றன. பிரியப் பிரியக் குழாய் மெலிகிறது. கடைசிக் குழாய்கள் தலைமயிரைவிட மெல்லியவை.

மூளையின் ஆழத்தில் வெள்ளையாக ஒரு பகுதி இருக்கிறது. மூளையின் ஓர் இடத்தில் இருந்து இன்னோர் இடத்துக்குச் செய்தி கொண்டுபோகும் கம்பிகள் அங்கேதான் ஓடுகின்றன. அந்த இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் நீளமானவை, மெல்லியவை. அதுதான் மூளையின் கடைமடை!

கடைமடை காய்ந்தால்...

ஆற்றில் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது எது? தலைமடை வயல் அல்ல. தலைஞாயிறு, வேதாரண்யம் பக்கத்துக் கடைமடை வயல்தான். மூளையிலும் அதே நியாயம்தான்.

ரத்தக் குறைவு இரண்டு விதமாக வரும்.

ஒன்று, திடீரென்று வருவது. பெரிய குழாய் ஒன்று அடைத்துக்கொள்ளும். வாய் கோணும். கை கால் விழும். பேச்சுக் குழறும். இதுதான் பக்கவாதம். பெரிய குழாய் அடைத்துச் சிகிச்சை இல்லாமல் கிடந்தால், நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு அணுக்கள் அழிகின்றன என்று 2006-ம் ஆண்டில் ஒரு டாக்டர் கணக்கிட்டார்.

மற்றொன்று, சத்தம் போடாமல் வருவது. குழாய்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துச் சுருங்கும். பல வருஷங்கள் மூளைக்கு அரை வயிற்றுக் கஞ்சிதான் கிடைக்கும். கை கால் விழாது. ஆனால் யோசனை மந்தமாகும். வரவு செலவுக் கணக்கு தடுமாறும். அடுப்பில் பால் வைத்தது மறந்து போகும். முடிவில், பெற்ற பிள்ளையின் பெயரே நாக்கில் வராது.

"வயசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எல்லாம் வயதினால் வருவது அல்ல. ரத்தக் குறைவினால் வரும் புத்தித் தளர்ச்சி தனி நோய். ஞாபக மறதி நோய்களில் முதல் இடம் அல்சைமர் நோய்க்கு. அதற்கு அடுத்த பெரிய காரணம் இந்த ரத்தக் குறைவுதான்.

அழற்சி என்பது என்ன?

காலில் முள் குத்துகிறது. அந்த இடம் சிவக்கிறது. வீங்குகிறது. சுடுகிறது. இதற்கு அழற்சி என்று பெயர். உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் வேலை இது.

மூளைக்குள்ளும் காவல் அணுக்கள் இருக்கின்றன. ரத்தம் குறைந்து நரம்பு அணுக்கள் வாடினால் இவை விழித்துக்கொள்ளும். செத்த அணுக்களைத் தின்று சுத்தம் செய்யும். இது நல்ல வேலைதான்.

ஆனால் ரத்தக் குறைவு தொடர்ந்து நீடித்தால் என்ன ஆகும்? காவல்காரர்களின் கோபம் அடங்காது. காரமான ரசாயனங்களைக் கக்கிக்கொண்டே இருப்பார்கள். களையோடு சேர்த்துப் பயிரையும் பிடுங்குவார்கள்! நல்ல நரம்பு அணுக்களும் சேதமாகும். முதலில் ரத்தக் குறைவு ஒரு பங்கு கெடுத்தது என்றால், பிறகு அழற்சி இன்னொரு பங்கு கெடுக்கிறது.

இந்த அழற்சியைத் தணிக்க வழி உண்டா என்று விஞ்ஞானிகள் தேடினார்கள். தேடிய இடத்தில் அவர்கள் எதிர்பாராத ஒன்றைக் கண்டார்கள். அதுதான் நிக்கோட்டின்.

தூதர் அனுப்பிய இலை

1560-ம் ஆண்டு வாக்கில் போர்த்துக்கல் நாட்டில் பிரான்ஸ் தேசத்துத் தூதர் ஒருவர் இருந்தார். பெயர் ழான் நிக்கோ. அவர் புகையிலையைத் தன் நாட்டு அரண்மனைக்கு அனுப்பினார். தலைவலிக்கு மருந்து என்று அது பெயர் எடுத்தது. அவர் பெயரால்தான் நிக்கோட்டின் என்ற பெயர் வந்தது. 1828-ம் ஆண்டில் ஜெர்மனியில் பொசெல்ட், ரைமன் என்ற இருவர் புகையிலையில் இருந்து அந்த நஞ்சைத் தனியே பிரித்து எடுத்தார்கள்.

நம் நாட்டுக்குப் புகையிலையைக் கப்பலில் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர். அப்படியானால், புகையிலை நமக்கு வந்து நானூறு வருஷம் சொச்சம்தான் ஆகிறது. ஆனால் வந்த வேகத்தில் ஊன்றிக்கொண்டது. வேதாரண்யம் பக்கத்தில் பயிராயிற்று. தமிழ்ப் புலவர்களையும் அது விடவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் என்பவர் 'புகையிலை விடு தூது' என்று ஒரு நூலே பாடினார். அதைத் தேடிப் பதிப்பித்தவர் டாக்டர் உ.வே. சாமிநாதையர். குடவாசலுக்குப் பக்கத்து வலங்கைமான் வட்டத்தில் உள்ள உத்தமதானபுரம்தான் அவர் ஊர்.

வெற்றிலை பாக்கு அதற்கு வெகு காலம் முந்தியது. கல்யாணத் தாம்பூலத்தில் வெற்றிலை உண்டு, பாக்கு உண்டு. புகையிலை உண்டா? கிடையாது. இடையில் வந்து ஒட்டிக்கொண்ட சரக்கு அது!

பூட்டும் சாவியும்

நிக்கோட்டின் மூளையில் என்ன செய்கிறது?

நரம்பு அணுக்கள் ஒன்றோடு ஒன்று ரசாயனத்தால் பேசிக்கொள்ளும். அந்த ரசாயனங்களில் ஒன்றுக்கு அசிட்டைல்கோலின் என்று பெயர். கவனம், ஞாபகம் இரண்டுக்கும் அது தேவை. நரம்பு அணுவின் மேல் அதற்கென்று பூட்டு இருக்கிறது. அசிட்டைல்கோலின் என்ற சாவி போய்ச் சேர்ந்தால் பூட்டு திறக்கும்.

நிக்கோட்டின் ஒரு கள்ளச் சாவி! அதே பூட்டில் நுழைந்து திறந்துவிடும்.

1905-ம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் லாங்லி என்ற விஞ்ஞானி, நிக்கோட்டினை வைத்தே இப்படி ஒரு பூட்டு இருக்க வேண்டும் என்று ஊகித்தார். பிற்காலத்தில் அது உண்மை என்று தெரிந்தது. அந்தப் பூட்டுக்கு நிக்கோட்டினின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ட அதிசயம்

2000-ம் ஆண்டில் அமெரிக்க மூளை அறுவை டாக்டர் கெவின் டிரேசியும் அவர் கூட்டத்தாரும் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கழுத்து வழியே இறங்கும் ஒரு நரம்பைத் தூண்டினால், உடம்பில் எழும் அழற்சி தணிகிறது! 2003-ம் ஆண்டில் அதற்குக் காரணமான பூட்டையும் கண்டார்கள். அது நிக்கோட்டின் திறக்கும் பூட்டுகளில் ஒன்று. மூளையின் காவல் அணுக்களிலும் அந்தப் பூட்டு இருக்கிறது.

இதைக் கேட்டதும் பலர் எலிகளுக்கு மூளை ரத்தத்தைக் குறைத்து, நிக்கோட்டின் கொடுத்துப் பார்த்தார்கள். சில ஆராய்ச்சிகளில் அழற்சி குறைந்தது. எலிகளின் ஞாபகமும் தேறியது.

2012-ம் ஆண்டில் மனிதர்களிடம் நடந்த ஒரு சோதனையும் வெளிவந்தது. லேசான ஞாபகக் குறைவு உள்ள 74 பேர். எல்லோரும் புகை பிடிக்காதவர்கள். ஒரு பாதிப் பேருக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை. மறு பாதிப் பேருக்கு மருந்து இல்லாத வெறும் பட்டை. ஆறு மாதம் கழித்து, நிக்கோட்டின் பட்டை ஒட்டியவர்களின் கவனமும் ஞாபகமும் ஓரளவு நன்றாக இருந்தன. ஆனால் டாக்டர்கள் மொத்தமாகப் பார்த்து மதிப்பிட்டபோது தெளிவான வேறுபாடு தெரியவில்லை.

இதுவரை படித்ததும் சிலருக்கு மகிழ்ச்சி பிறக்கும். "பார்த்தாயா! நான் அப்போதே சொல்லவில்லையா? புகையிலை மூளைக்கு நல்லது!" என்று சுண்ணாம்பு டப்பியைத் திறக்கப் பார்ப்பார்கள்.

கொஞ்சம் பொறுங்கள். மீதிக் கதையையும் கேளுங்கள்.

மீதிக் கதை

முதலாவது: எலி ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே பக்கம் பேசவில்லை. வேறு சில ஆராய்ச்சிகளில், எலிகளுக்கு நாள் கணக்கில் நிக்கோட்டின் ஊட்டினார்கள். பிறகு மூளைக்குப் போகும் ரத்தத்தைத் தடுத்தார்கள். நிக்கோட்டின் பழகிய எலிகளுக்கு மூளைச் சேதமும் வீக்கமும் அதிகமாயின. ரத்தக் குழாய்க்கும் மூளைக்கும் நடுவே ஒரு காவல் வரப்பு இருக்கிறது. வேண்டாத சரக்கை அது உள்ளே விடாது. நிக்கோட்டின் அந்த வரப்பையும் இளக்கிவிடுகிறது.

இரண்டாவது: நிக்கோட்டின் மூளையோடு நிற்பதில்லை. இதயத்தை விரட்டுகிறது. ரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. குழாய்களைச் சுருக்குகிறது.

மூன்றாவது, இதுதான் முக்கியம்: பீடியிலும் சிகரெட்டிலும் நிக்கோட்டின் மட்டுமா வருகிறது? புகையில் ஆயிரக்கணக்கான ரசாயனங்கள் இருக்கின்றன. கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு ரத்தத்தில் ஏறி, பிராணவாயுவின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குழாயின் உள்சுவர் கெடும். ரத்தம் எளிதில் உறையும். கொழுப்புப் படியும்.

ஆகவே, ஒரு கையால் அழற்சியைத் தணிப்பதுபோல் காட்டி, மறு கையால் வாய்க்காலையே தூர்க்கிறது புகையிலை. வாய்க்கால் தூர்ந்த பிறகு பூச்சி மருந்து அடித்துப் பயிரைக் காப்பாற்ற முடியுமா?

பக்கவாதம் ஏன் வருகிறது என்று இந்தியா உட்பட 22 நாடுகளில் ஒரு பெரிய ஆராய்ச்சி நடந்தது. 2010-ம் ஆண்டில் முடிவு வெளிவந்தது. புகை பிடிக்காதவர்களைவிடப் புகை பிடிப்பவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய இரண்டு மடங்கு! ரத்தக் கொதிப்புதான் எல்லாவற்றிலும் பெரிய காரணம் என்றும் அதில் தெரிந்தது. கொதிப்பும் புகையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

பணம் பேசிய பேச்சு

"புகை பிடிப்பவர்களுக்கு மறதி நோய் குறைவு" என்றும் ஒரு காலத்தில் ஆராய்ச்சிக் கட்டுரைகள் வந்தன. 2010-ம் ஆண்டில் அமெரிக்காவில் சிலர் இப்படிப்பட்ட 43 ஆராய்ச்சிகளை எடுத்துச் சலித்தார்கள். அவற்றில் 11 ஆராய்ச்சிகள், சிகரெட் கம்பெனிகளோடு தொடர்பு உள்ளவர்கள் செய்தவை! அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மற்றவற்றை முறையாக ஆராய்ந்தார்கள். புகை பிடித்தால் மறதி நோய் குறைவதில்லை. கூடுகிறது என்று தெரிந்தது.

யார் சொல்லுகிறார்கள் என்று பார்ப்பதோடு, யார் காசில் சொல்லுகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா?

அந்தச் சுறுசுறுப்பு எங்கிருந்து வருகிறது?

"அதெல்லாம் சரி. போட்டதும் தெம்பாக இருக்கிறதே! அது பொய்யா?" என்று கேட்பீர்கள்.

பொய் அல்ல. ஆனால் கடன் வாங்கிய தெம்பு!

புகையை இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். மூளை உற்சாகம் அடையும். சுமார் இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் இருந்த நிக்கோட்டின் பாதியாகக் குறையும். அப்போது மூளை வாடும். எரிச்சல் வரும். கவனம் சிதறும். கொட்டாவி வரும். மறுபடியும் போட்டால் சரியாகும்.

அதாவது, அது தானே கொடுத்த நோயைத் தானே தீர்த்து வைக்கிறது. புகையிலை அறியாத பக்கத்து வீட்டுக்காரர், ஒன்றும் போடாமலே அந்தத் தெளிவோடு இருக்கிறார். இவரோ அந்த இடத்துக்கு வருவதற்கே நாள் முழுவதும் காசு செலவழிக்கிறார். கந்து வட்டி என்றால் இதுவல்லவா கந்து வட்டி!

"நான் பிடிப்பதில்லை, போடுவதுதான்!"

நம் பக்கத்தில் பீடி சிகரெட்டைவிட வாயில் அடக்கும் புகையிலையைப் பலர் பெரிதாக நினைப்பதில்லை. வெற்றிலைச் செல்லத்தில் அதுவும் ஒன்று என்று விட்டுவிடுகிறார்கள். நடவு நடும் பெண்கள், களை பறிக்கும் பெண்கள் பலர் பசி தெரியாமல் இருக்க அதைக் கன்னத்தில் ஒதுக்குகிறார்கள். குனிந்த இடுப்பு நிமிராமல் உழைக்கும் அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை. ஆனால் உண்மையைச் சொல்லாமல் இருக்கவும் கூடாது.

புகையிலையோடு சுண்ணாம்பு ஏன் சேர்க்கிறார்கள், தெரியுமா? ருசிக்கு மட்டும் அல்ல. சுண்ணாம்பு சேர்ந்தால் நிக்கோட்டின் கன்னத்துத் தோல் வழியாக விரைவில் ரத்தத்தில் இறங்கும். புகை இல்லை, ஆனால் நிக்கோட்டின் குறைவு இல்லை. புகையைப்போல் விநாடியில் ஏறாது. மெல்ல ஏறி, நீண்ட நேரம் நிற்கும்.

வாயில் போடும் புகையிலையும் உயிரைப் போக்கும் பக்கவாதத்தின் அபாயத்தைக் கூட்டுகிறது என்று, பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து 2009-ம் ஆண்டில் எழுதினார்கள். வாய்ப் புற்றுநோய் இன்னொரு பக்கம். வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் முடிவு செய்திருக்கிறது. ஆகவே "புகையிலையை விட்டுவிட்டுச் சீவலை மட்டும் கூட்டிக்கொள்ளுகிறேன்" என்பதும் சரியான வழி அல்ல.

2016-17ல் மத்திய அரசு எடுத்த கணக்குப்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு மேல் ஏதாவது ஒரு வகையில் புகையிலையைத் தொடுகிறார்கள். அவர்களில் புகைப்பவர்களைவிட வாயில் போடுபவர்களே அதிகம்!

மருந்து வேறு, புகையிலை வேறு

"நிக்கோட்டின் பட்டையையும் நிக்கோட்டின் மிட்டாயையும் டாக்டர்களே கொடுக்கிறார்களே?" என்று சிலர் கேட்கலாம்.

கொடுக்கிறார்கள். எதற்கு? புகையிலையை விடுவிப்பதற்கு! அதில் புகை இல்லை. விஷ வாயு இல்லை. அளவு தெரியும். வாரா வாரம் அளவைக் குறைத்து முடிவில் நிறுத்திவிடுவார்கள். ஏணியில் இறங்குவதுபோல அது. மூளைக்கு டானிக் என்று அதை யாரும் கொடுப்பதில்லை. பக்கவாதம், இதய நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடவும் கூடாது.

நாளைக்கு விஞ்ஞானிகள், இதயத்தைத் தொடாமல் காவல் அணுவின் பூட்டை மட்டும் திறக்கும் நல்ல சாவி ஒன்றைச் செய்யலாம். செய்தால் வரவேற்போம். அது மருந்துக்கடையில் வரும். பெட்டிக்கடையில் தொங்காது!

ஒரு தடவை வந்தவர்களுக்கு

பக்கவாதம் ஒரு தடவை வந்து பிழைத்தவர்கள் நம் ஊர்களில் உண்டு. சிலருக்கு அரை மணி நேரம் பேச்சுக் குழறிவிட்டுத் தானே சரியாகியிருக்கும். "ஏதோ காற்று பட்டது, போய்விட்டது" என்று இருந்துவிடுவார்கள். அது காற்று அல்ல. மூளை அடித்த எச்சரிக்கை மணி!

இவர்கள்தான் புகையிலையை முதலில் விட வேண்டியவர்கள். இவர்கள் மூளையில் முன்பே ஒரு வயல் காய்ந்திருக்கிறது. சுற்றி உள்ள வயல்கள் அரைத் தண்ணீரில் உயிரோடு இருக்கின்றன. அந்தத் தண்ணீரையும் குறைத்தால் என்ன மிஞ்சும்? இழந்த பேச்சும் நடையும் ஓரளவு திரும்புவது, மிஞ்சி இருக்கும் அந்த அணுக்களின் உழைப்பால்தான்.

முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தூக்க முடியாமல் போனால், பேச்சுக் குழறினால், நிமிடம் கூட வீணாக்கக் கூடாது. கை வைத்தியம், மந்திரிப்பு என்று நாழிகை போக்கக் கூடாது. 108-க்குச் சொல்லுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசி இருக்கிறது. அதை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்குள் தலையைப் படம் பிடித்துப் பார்க்கவும் வேண்டும். ஆகவே பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போவதே நல்லது.

விட்டால் பலன் உண்டா?

உண்டு! அதுவும் உடனே உண்டு.

கடைசி பீடியை அணைத்த 20 நிமிடத்தில் இதயத் துடிப்பும் ரத்தக் கொதிப்பும் இறங்கத் தொடங்கும். ஒரு நாளில் விஷ வாயு ரத்தத்தை விட்டுப் பெரும்பாலும் போய்விடும். 5 முதல் 15 வருஷத்தில் பக்கவாத அபாயம், புகை பிடிக்காதவரின் அளவுக்கு இறங்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகிறது.

புத்தி என்ன ஆகும்? லண்டன் நகரத்துச் சர்க்கார் அலுவலகங்களில் வேலை பார்த்தவர்களைப் பல வருஷங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். 2012-ம் ஆண்டில் முடிவைச் சொன்னார்கள். புகை பிடித்த ஆண்களின் ஞாபகமும் யோசனையும் மற்றவர்களைவிட வேகமாகத் தேய்ந்தன. ஆனால் புகையை விட்டு 10 வருஷம் ஆனவர்களிடம் அந்த வேகம் காணப்படவில்லை. பிடிக்கவே பிடிக்காதவர்களைப் போலவே இருந்தார்கள்!

வாய்க்காலைத் தூர் வாரினால் தண்ணீர் வரும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

வீட்டில் செய்ய வேண்டியது

விடுவது எளிது என்று நாம் சொல்ல மாட்டோம். முதல் மூன்று நாள் கடினம். தலைவலி வரும். கோபம் வரும். தூக்கம் கெடும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அந்த நாட்களில் குடும்பம்தான் துணை. எரிந்து விழுந்தால் பதிலுக்கு எரிந்து விழாதீர்கள். "இத்தனை நாள் விட்டீர்களா!" என்று குத்திக் காட்டாதீர்கள். செல்லத்தில் இருக்கும் புகையிலையை எடுத்து எறியுங்கள். வாய் நமநமவென்றால் ஒரு கிராம்பு, ஓர் ஏலக்காய், கொஞ்சம் சோம்பு கொடுங்கள். ஆசை எழும்போது சில நிமிடம் வேறு வேலையில் கையை வையுங்கள். அது அடங்கிவிடும்.

தாத்தாவுக்குப் புகையிலை வாங்கிவரப் பேரனைக் கடைக்கு அனுப்பாதீர்கள்! இன்று வாங்கி வருகிறவன் நாளைக்கு ருசி பார்ப்பான். 18 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் புகையிலை விற்பது சட்டப்படி குற்றம். பள்ளிக்கூடத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்கவே கூடாது. 2003-ம் ஆண்டுச் சட்டம் இது.

தனியாக விட முடியாதவர்களுக்கு உதவி இருக்கிறது. 1800-11-2356 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் காசு இல்லை. விடுவதற்கு வழி சொல்லுவார்கள். இந்த எண் புகையிலைப் பாக்கெட்டிலேயே அச்சாகி வருகிறது. சென்னையில், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ம் ஆண்டில் பிறந்த அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில், புகையிலையை விடுவிக்கத் தனிப் பிரிவு 2002-ம் ஆண்டிலேயே தொடங்கியது.

மிராசுதார்களும் சர்க்காரும்

வயலில் வேலை செய்பவர்களுக்குக் கூலியோடு புகையிலைக்கும் காசு கொடுப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காசுக்கு ஒரு செம்பு மோர் கொடுங்கள். ஒரு பிடி சுண்டல் கொடுங்கள். பசியை மறக்கச் செய்வது தர்மம் அல்ல. பசியை ஆற்றுவதே தர்மம்.

சர்க்காருக்கும் ஒரு வார்த்தை. 2013-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தடை போட்டார்கள். தடை காகிதத்தில் இருந்தால் போதாது. கடை வாசலிலும் தெரிய வேண்டும். வட்டம் தோறும் உள்ள அரசு ஆஸ்பத்திரியில், ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரிடமும், "புகையிலை உண்டா?" என்று ஒரு கேள்வி கேட்க வேண்டும். "உண்டு" என்றால், விடுவிக்கும் வழியை அங்கேயே சொல்ல வேண்டும். ஒரு கேள்விக்குச் செலவு இல்லை. ஆனால் அது ஒரு குடும்பத்தைக் காப்பாற்றும்.

ஏனென்றால், பக்கவாதத்தில் விழுவது ஓர் ஆள் அல்ல, ஒரு வீடு. அவரைத் தூக்கி உட்கார வைக்க மருமகள் நடவுக் கூலியை விட வேண்டும். மகன் கடன் வாங்க வேண்டும். புத்தி தளர்ந்து போனால், யார் நிலம், யார் வீடு என்றே தெரியாமல் அவர் திகைத்து உட்கார்ந்திருப்பதை நாள் தோறும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பெரியோர்களே! தாய்மார்களே!

ஒவ்வோர் ஆண்டும் தண்ணீர் வருமுன் ஆற்றையும் வாய்க்காலையும் தூர் வார வேண்டும் என்று நாம் குரல் கொடுக்கிறோம். கடைமடைக்குத் தண்ணீர் வராவிட்டால் போராடுகிறோம். அது நியாயம். அதே நியாயத்தை நம் தலைக்கும் செய்வோம்.

அங்கே மதகைத் திறக்க அதிகாரி வர வேண்டியதில்லை. மனு எழுத வேண்டியதில்லை. கை நம்முடையது. வாயும் நம்முடையது. இன்றே விடுவோம்!